ட்வீட் நதிக் கரையிலே

சென்னையில் தீவுத் திடலுக்குப் பக்கத்தில் குதிரைமேல் ஆரோகணித்திருக்கும் ஸர் தாமஸ் மன்றோவை நேயர்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். அவரை ஓர் இங்கிலீஷ்கார துரை என்றே நம் வீட்டுப் பெரியவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் பிறந்ததோ ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில். திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியிலே வாழ்ந்து, 1856-ஆம் வருஷத்தில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயரையும் பலர் இங்கிலீஷ்காரர் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவர் அயர்லாந்தின் வடபகுதியில், ஆன்ட்ரிம் என்னும் ஊருக்கு அருகில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். கப்பலேறி வந்த அத்தனை பேரையும் நாம் ஒரே சாக்கில் போட்டு, மேலே 'இங்கிலீஷ்காரர்' என்று எழுதிக் கட்டிவிட்டோம்.

அந்தச் சாக்கை அவிழ்த்து உள்ளே இருப்பதைப் பார்த்துவிட வேண்டுமென்று நமக்கு நெடுநாளாக ஓர் ஆவல். சென்ற தை மாதத்தில் ஒரு காரியமாக லண்டனுக்குப் போக நேர்ந்தது. காரியம் முடிந்ததும் ஊர் திரும்பாமல், கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் வடக்கே போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். எடின்பரோவில் மதுரைக்கார நண்பர் ஒருவர் இருக்கிறார். பல வருஷமாக வரச் சொல்லிக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர். போகும் வழியில் பெரிக் என்னும் எல்லைப்புறத்து ஊரில் ஒரு நாள் தங்குவதென்றும் தீர்மானம் செய்திருந்தோம்.

ரயிலில் நமக்கு எதிரே வயதான தம்பதிகள் இருவர் அமர்ந்திருந்தார்கள். கணவர் யார்க்ஷயர்க்காரர், மனைவி வேல்ஸ் தேசத்து ஸ்வான்ஸீயில் பிறந்தவர். பேச்சுக் கொடுப்பதற்குச் சீதோஷ்ணத்தைப் போல் அந்நாட்டில் வேறு சாதனம் கிடையாது. பனியில் ஆரம்பித்து, பத்து நிமிஷத்தில் நாம் கேட்க விரும்பிய கேள்விக்கு வந்து சேர்ந்தோம்.

"தாங்கள் எந்த தேசத்தார் என்று யாராவது கேட்டால் என்ன சொல்லுவீர்கள்?" என்றோம்.

"நான் வேல்ஸ்காரி" என்றார் அந்த அம்மாள், கண் மூடித் திறப்பதற்குள்.

கணவர் ஜன்னலுக்கு வெளியே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பிரிட்டிஷ் என்று சொல்லலாம். இங்கிலீஷ் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றுதானே?" என்றார்.

அந்த அம்மாள் கையிலிருந்த பத்திரிகையைச் சுருட்டி அவருடைய முழங்காலில் ஓர் அடி வைத்தார். "நாற்பது வருஷமாக இவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்" என்று நம்மிடம் முறையிட்டார்.

இருவருடைய பாஸ்போர்ட்டிலும், தேசீயம் என்ற கட்டத்துக்கு எதிரே அச்சிட்டிருப்பது ஒன்றேதான்: 'பிரிட்டிஷ் பிரஜை.' வேல்ஸ்காரி என்பதற்கோ யார்க்ஷயர்க்காரர் என்பதற்கோ அதில் இடமில்லை. பிரஜா உரிமை என்பது சர்க்கார் கொடுப்பது, காகிதத்தில் இருப்பது, சட்டம் மாறினால் மாறுவது. இன்ன தேசத்தார் என்னும் உணர்ச்சி தாயின் மடியிலும் பள்ளிக்கூடத்திலும் பந்தாட்ட மைதானத்திலும் உண்டாவது. நம்மில் அநேகருக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே பின்னிக் கிடப்பதால், தனித்தனி இழைகள் என்பது தெரிவதில்லை. பிரிட்டனில் அவை பிரிந்து கிடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஒலிம்பிக் பந்தயத்துக்கு அவர்கள் ஒரே கோஷ்டியாகப் போகிறார்கள்; உலகக் கால்பந்துப் போட்டிக்கோ இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்று நான்கு கோஷ்டிகள்!

அந்த யார்க்ஷயர்க்காரரின் தடுமாற்றத்தைப் பார்த்து நாம் சிரித்துவிடக் கூடாது. ஜனக் கணிதம் எடுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கே அவரைப் போன்றவர்கள் ஒரு புதிராக இருந்திருக்கிறார்கள். 2011-ஆம் வருஷத்தில்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜனக் கணிதத்தில் முதன்முதலாக 'உமது தேசீயம் யாது?' என்ற கேள்வி சேர்க்கப்பட்டது. அவ்விரு நாடுகளிலும் சேர்த்து நூற்றுக்கு 57.7 பேர் 'இங்கிலீஷ்' என்று மட்டும் குறித்தார்கள். 'பிரிட்டிஷ்' என்று மட்டும் குறித்தவர்கள் 19.1 பேர். பத்து வருஷம் கழித்து, 2021-இல், 'இங்கிலீஷ்' 14.9 ஆகச் சுருங்கிவிட்டது, 'பிரிட்டிஷ்' 54.8 ஆகிவிட்டது. கோடிக்கணக்கான இங்கிலீஷ்காரர்கள் எங்கே மறைந்து போனார்கள்? எங்கும் போகவில்லை. இங்கிலாந்தில் கொடுத்த பாரத்தில் 'பிரிட்டிஷ்' என்ற கட்டத்தை முதலில் தூக்கி வைத்துவிட்டார்கள். இந்த மாறுதலுக்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கும் என்று கணக்கு எடுத்தவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வேல்ஸில் அப்படிப்பட்ட பூகம்பம் ஒன்றும் நிகழவில்லை. 'வேல்ஸ்காரர்' என்று மட்டும் குறித்தவர்கள் அங்கே 57.5, பிறகு 55.2. பத்திரிகைச் சுருளால் அடித்த அம்மாளுக்கு நியாயம் உண்டு என்றுதான் தோன்றுகிறது.

வேல்ஸ்காரர்களுக்கு இந்த விஷயத்தில் பழைய மனத்தாங்கல் ஒன்றும் உண்டு. 1746-இல் லண்டன் பார்லிமெண்டார் ஒரு சட்டம் செய்தார்கள். இனிமேல் எந்தச் சட்டத்தில் 'இங்கிலாந்து' என்ற சொல் வந்தாலும், வேல்ஸும் பெரிக் நகரமும் அதற்குள் அடக்கம் என்று அதில் கண்டிருந்தது. ஒரு தேசமும் ஒரு சிற்றூரும் ஒரே வாக்கியத்தில்! வேல்ஸைப் பற்றிய பகுதி 1967-இல்தான் நீக்கப்பட்டது. அந்தச் சிற்றூரில்தான் நாம் பிற்பகல் இறங்கினோம்.

பெரிக் ஸ்டேஷனில் இறங்கியதும் நாம் நின்ற இடம் ஒரு பழைய கோட்டையின் பெரிய மண்டபம் இருந்த இடமாம். அங்கே ஓர் அறிவிப்புப் பலகை அதைச் சொல்லுகிறது. ஸ்காட்லாந்தின் சிம்மாசனத்துக்குப் பலர் போட்டியிட்டபோது, இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டு மத்தியஸ்தனாக உட்கார்ந்து, ஜான் பேலியல் என்பவனுக்குத் தீர்ப்புச் சொன்னது 1292-இல் இந்த மண்டபத்திலேதான். நான்கு வருஷம் கழித்து அதே எட்வர்டு படையோடு வந்து இந்த ஊரைச் சூறையாடி, ஜனங்களை வெட்டிக் குவித்தான். மத்தியஸ்தத்துக்கு அழைக்கும்போது ஆளைப் பார்த்து அழைக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து ஸ்காட்லாந்துக்காரர்களுக்குத் தெரியாமல் போயிற்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ரயில் பாதை போட்டவர்கள் மிச்சமிருந்த கோட்டையையும் பெரும்பாலும் இடித்து ஸ்டேஷனைக் கட்டிவிட்டார்கள்.

இந்த ஊர் இரண்டு தேசங்களுக்கும் இடையே பதின்மூன்று தடவை கை மாறியது என்று சொல்லுவது வழக்கம். கடைசியாக 1482-இல் இங்கிலாந்தின் கைக்கு வந்தது, பிறகு மாறவில்லை. ஆயினும் ஊர் இருப்பது ட்வீட் நதியின் வட கரையில். அந்த நதிதான் மேற்கே பல மைல் தூரத்துக்கு இரண்டு தேசங்களுக்கும் எல்லை. கடலை நெருங்கும்போது எல்லைக் கோடு நதியை விட்டு விலகி, ஊருக்கு வடக்கே சுமார் மூன்று மைல் தள்ளிப் போய்விடுகிறது. ஊரின் பெயரைக் கொண்ட பெரிக்ஷயர் ஜில்லா ஸ்காட்லாந்தில் இருக்கிறது. ஊர் மட்டும் இங்கிலாந்தில்! நதியின்மேல் ராபர்ட் ஸ்டீவன்ஸன் கட்டி, 1850-இல் விக்டோரியா ராணி திறந்து வைத்த 28 வளைவுள்ள ரயில் பாலத்துக்கு 'ராஜ எல்லைப் பாலம்' என்று பெயர். அது எல்லையிலே இல்லை. ஆனால் நதியின் இரு கரையையும் அணைத்து நிற்கும் அதன் அழகைப் பார்த்த பிறகு, பெயரைப் பற்றி வழக்காட மனம் வராது. அதற்குக் கீழே 15 வளைவுகளுள்ள பழைய கல் பாலம். 1603-இல் எலிஸபெத் ராணி சந்ததியின்றி இறந்ததும், ஸ்காட்லாந்து மன்னன் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசனாகி இந்த வழியாகத் தெற்கே சென்றான். அப்போதிருந்த மரப் பாலத்தின் ஆட்டத்தைக் கண்டு பயந்துதான் கல் பாலம் கட்ட உத்தரவிட்டான் என்று கதை சொல்லுகிறார்கள்.

எலிஸபெத் ராணி காலத்து மதில்மேல் ஊரைச் சுற்றி நடந்து வரலாம். வடக்கேயிருந்து வரும் பகைவனை எதிர்பார்த்துக் கட்டிய மதில். பிற்பகல் நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடற்காற்று காதைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. நாயை இழுத்துக்கொண்டு வந்த ஒரு கிழவர் நம்முடைய கழுத்துக் கம்பளத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, காற்று மறைவான ஓரிடத்தைக் காட்டினார். நன்றி சொல்லிவிட்டு, வந்த காரியத்தை மறவாமல், "தாங்கள் இங்கிலீஷ்காரரா, ஸ்காட்லாந்துக்காரரா?" என்று கேட்டோம்.

"நான் பெரிக்காரன்" என்றார்.

அவரிடமிருந்து நாம் தெரிந்துகொண்டவை பல. பெரிக் கால்பந்துக் கோஷ்டி இங்கிலாந்தில் இருந்துகொண்டே ஸ்காட்லாந்துப் பந்தயங்களில்தான் ஆடுகிறது. 1967-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், கிளாஸ்கோவின் பேர்பெற்ற ரேஞ்சர்ஸ் கோஷ்டியை ஸ்காட்லாந்துக் கோப்பைப் பந்தயத்தில் ஒன்றுக்குப் பூஜ்யமாகத் தோற்கடித்ததைச் சொல்லும்போது கிழவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. ரஷ்யாவோடு பெரிக் தனியாக நூறு வருஷம் யுத்தத்தில் இருந்தது என்று ஒரு கதையும் சொன்னார். கிரிமிய யுத்தப் பிரகடனத்தில் ஊரின் பெயரைச் சேர்த்தவர்கள் சமாதானப் பத்திரத்தில் சேர்க்க மறந்துவிட்டார்களாம். "உண்மையா?" என்றோம். "பொய்தான், ஆனால் வருகிறவர்களுக்கு அதைச் சொல்லாமல் விடக்கூடாது" என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் நமக்கு முக்கியமாகப் பட்டது. அவருடைய தங்கை கலியாணமாகி எல்லைக்கு அப்பால் ஐமவுத் என்னும் மீன்பிடி ஊருக்குப் போனவர். இருவரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். இன்று தங்கைக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மருந்துக்குக் காசு இல்லை. ஸ்காட்லாந்து சர்க்கார் 2011-இல் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். தங்கையின் பேரப் பிள்ளைகள் ஸ்காட்லாந்துக் கலாசாலையில் சம்பளமின்றிப் படிக்கலாம். 2014-ஆம் வருஷம் செப்டம்பர் 18-ஆம் தேதி, ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்று ஜனங்களின் அபிப்பிராயம் கேட்டபோது, தங்கை ஓட்டுப் போட்டார். அவருடைய தெருவில் குடியிருந்த போலந்துக்காரர் ஒருவரும் ஓட்டுப் போட்டார். ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு ஓட்டு இல்லை. எந்த ரத்தம், எந்தப் பிறப்பு என்று பார்க்கவில்லை. எங்கே குடியிருக்கிறாய் என்று மட்டும் பார்த்தார்கள். அங்கே வாழ்ந்த இந்தியப் பிரஜைகளுக்கும் ஓட்டு இருந்தது என்றால் நேயர்கள் நம்புவீர்களா? வேண்டாம் என்றவர்கள் நூற்றுக்கு 55.3, வேண்டும் என்றவர்கள் 44.7.

"தனி நாடாகப் போயிருந்தால், தங்கையைப் பார்க்கப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டுமோ என்னவோ!" என்று சொல்லி, நாயை இழுத்துக்கொண்டு கிழவர் இருட்டில் போய்விட்டார்.

மறுநாள் ரயிலில் முக்கால் மணி நேரத்தில் எடின்பரோ. அந்நகரத்தின் அழகை வர்ணிக்க ஆரம்பித்தால் இந்த இதழின் மற்றப் பக்கங்களையும் நாமே எடுத்துக்கொள்ள நேரிடும். ஆகையால் பாறையின்மேல் நிற்கும் கோட்டைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, லீத் பகுதியிலுள்ள நண்பரின் வீட்டுக்குப் போவோம். கல்லால் கட்டிய பழைய கட்டடத்தில் மூன்று மாடி ஏறினால், சாம்பார் வாசனை வாசலிலேயே வரவேற்கிறது.

நண்பர் ஆராய்ச்சி மாணவராக வந்தவர். பிறகு அங்கேயே உத்தியோகத்தில் அமர்ந்தார். அவருக்கு ஒன்பது வயதுப் பெண் குழந்தை. எடின்பரோவிலேயே பிறந்தவள். தாயாரிடம் மதுரைத் தமிழ் பேசுகிறாள். 'ர' என்ற எழுத்தை மட்டும் நாக்கை உருட்டிச் சொல்லுகிறாள். ஜனவரி 25-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் மகாகவி ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த நாள். பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் அவருடைய கவிகளை ஸ்காட்லாந்து மொழியிலே நெட்டுருப்போட்டு ஒப்பிக்கிறார்கள். நாம் போனபோது அவள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே ஒப்பித்துக்கொண்டிருந்தாள். லண்டன்காரருக்கே பாதி விளங்காத பாஷை அது. நமக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை.

"உனக்கு அர்த்தம் தெரியுமா, அம்மா?" என்றோம்.

"தெரியும், மாமா. நான் ஸ்காட்டிஷ் அல்லவா?" என்றாள்.

அவளுடைய தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டு காப்பியை ஆற்றினார். காரணத்தைப் பிற்பாடு சொன்னார். குழந்தை இந்தியப் பிரஜை. பிரிட்டிஷ் பிரஜை அல்ல.

பிரிட்டனில் பிறந்த குழந்தை பிரிட்டிஷ் பிரஜை இல்லையா என்று நேயர்கள் கேட்பீர்கள். நாமும் கேட்டோம். 1981-இல் இயற்றிய சட்டம் 1983-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. அன்று முதல், பிரிட்டிஷ் மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது. தாய் தந்தையரில் ஒருவராவது பிரிட்டிஷ் பிரஜையாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். நண்பர் அப்போது மாணவர். ஆனால் தமாஷைப் பாருங்கள்: இந்தியா காமன்வெல்த்தைச் சேர்ந்ததானபடியால், அந்நாட்டில் சட்டப்படி வசிக்கும் இந்தியப் பிரஜைக்குப் பார்லிமெண்டுத் தேர்தலிலும் ஓட்டு உண்டு. 2024-ஆம் வருஷம் ஜூலை மாதத்துப் பொதுத் தேர்தலில் நண்பர் ஓட்டுப் போட்டிருக்கிறார். 'நான் மதுரைக்காரன்' என்று மூச்சுக்கு மூச்சு சொல்லுகிறவருக்கு அந்த ராஜ்யத்தை ஆள யார் வேண்டுமென்று சொல்ல உரிமை இருக்கிறது. 'நான் ஸ்காட்டிஷ்' என்கிற குழந்தைக்கு அந்த ராஜ்யத்தின் பாஸ்போர்ட் இல்லை.

எடின்பரோவில் பிறந்த வேறொரு குழந்தைக்காக நானூறு வருஷத்துக்கு முன்பு லண்டனில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. ஜேம்ஸ் மன்னன் இரண்டு ராஜ்யங்களையும் ஒன்றாக்கிவிடப் பார்த்தான்; இங்கிலாந்துப் பார்லிமெண்டார் சம்மதிக்கவில்லை. ராபர்ட் கால்வின் என்ற பாலகனின் பெயரில் லண்டனில் நிலம் இருந்தது. 'இவன் ஸ்காட்லாந்தில் பிறந்த அந்நியன். அந்நியன் இங்கே நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது' என்பது எதிர்க்கட்சி. 1608-இல் நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: அரசனுடைய ஆட்சிக்கு உட்பட்ட பூமியில் பிறந்தவன் அரசனுடைய பிரஜை, ஆகையால் அவன் இங்கிலாந்தில் அந்நியன் அல்ல. அவன் ஸ்காட்லாந்துக்காரன் என்பதை யாரும் மறுக்கவில்லை. அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. தேசம் வேறு, பிரஜை என்பது வேறு என்று அன்றைக்கே அந்த இழைகளைப் பிரித்து வைத்துவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பு கடல் கடந்து எவ்வளவு தூரம் வந்தது என்பதற்கு நண்பர் ஓர் அத்தாட்சி காட்டினார். தகரப் பெட்டியிலிருந்து ஒரு நீலப் புத்தகத்தை எடுத்து வந்தார். அவருடைய பாட்டனார், அதாவது குழந்தையின் கொள்ளுத் தாத்தா, 1912-இல் மதுரையில் பிறந்தவர். 1936-இல் குமாஸ்தா உத்தியோகத்துக்காகப் பினாங்குக்குப் போனார். அப்போது எடுத்த பாஸ்போர்ட். மீசையும் தலைப்பாகையுமாக, புகைப்படக்காரனிடம் கோபித்துக்கொண்டவர் போல் இருக்கிறார். அவருடைய தேசீய நிலை என்னவென்று எழுதியிருக்கிறது, தெரியுமா? 'பிறப்பினால் பிரிட்டிஷ் பிரஜை.'

அவர் பிரிட்டனைப் பார்த்ததே இல்லை. மதுரைப் புது மண்டபத்தைத் தாண்டினால் அவருக்குத் தெரிந்தது பினாங்குத் துறைமுகம்தான். மதுரையில் பிறந்த கொள்ளுத் தாத்தா பிறப்பினால் பிரிட்டிஷ் பிரஜை. எடின்பரோவில் பிறந்த கொள்ளுப் பேத்தி அல்ல!

கொள்ளுத் தாத்தாவுக்கு அந்தப் பட்டத்தினால் என்ன லாபம் கிடைத்தது என்பது வேறு சங்கதி. தாதாபாய் நௌரோஜி 1892-இல் லண்டனில் பின்ஸ்பரித் தொகுதியில் நின்று பார்லிமெண்டு அங்கத்தினராக முடிந்தது, அவர் பிரிட்டிஷ் பிரஜையானபடியால்தான். ஆனால் அதே பட்டத்தை நம்பி 1914-இல் 'கோமகட மாரு' கப்பலில் கனடாவின் வான்கூவர் துறைமுகத்துக்குப் போன 376 பேரில் மிகப் பெரும்பாலோரை, இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களும் பிரிட்டிஷ் பிரஜைகள். கனடாவும் அதே சாம்ராஜ்யம். கடமை என்றால் எல்லோரும் பிரஜைகள். வாசற்படி என்றால் முகத்தைப் பார்ப்பது! நமது மொழியில் 'பிரஜை' என்ற சொல் ராஜாவுக்கு அடங்கினவனையும் குறிக்கும், உரிமையுள்ள குடிமகனையும் குறிக்கும். அந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைத்தான் நம் பெரியவர்கள் சிறைச்சாலை வழியாக நடந்து கடந்தார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். 1948-இல் லண்டனில் செய்த சட்டத்தின்படி, காமன்வெல்த் நாடுகளின் பிரஜைகள் அனைவரும் பிரிட்டிஷ் பிரஜைகளாகவும் மதிக்கப்பட்டார்கள். ஆகவே 1950-இல் நாம் குடியரசான பிறகும், நாம் அறியாமலே, அவர்களுடைய சட்டப் புத்தகத்தில் 1983 வரையில் நம் எல்லோருக்கும் அந்தப் பட்டம் இருந்துகொண்டிருந்தது! பட்டம் இருந்ததேயொழிய, உள்ளே நுழையும் உரிமையை 1962, 1968, 1971 ஆகிய வருஷங்களில் மூன்று சட்டங்களால் சிறுகச் சிறுகக் கத்தரித்துவிட்டார்கள்.

கத்தரித்த இடத்தில் அகப்பட்டுக்கொண்டவர்களின் கதை கொடியது. யுத்தத்துக்குப் பிறகு கரீபியன் தீவுகளிலிருந்து, சாம்ராஜ்யத்தின் பிரஜைகளாகவே, பிரிட்டனுக்கு வந்து உழைத்தவர்களும் அவர்களுடைய குழந்தைகளும் பலர். 1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பலில் வந்தவர்களை வைத்து அந்தத் தலைமுறைக்கே 'விண்ட்ரஷ்' என்று பெயர் வந்துவிட்டது. ஐம்பது வருஷம் அங்கே வாழ்ந்து, வரி கட்டி, தங்களைப் பிரிட்டிஷார் என்றே எண்ணியிருந்தவர்களைப் பார்த்து, 'காகிதம் எங்கே?' என்று சர்க்கார் கேட்டது. காகிதம் இல்லாதவர்களில் சிலர் வேலை இழந்தார்கள். சிலருக்கு வைத்தியம் மறுக்கப்பட்டது. சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். விஷயம் 2018-இல் வெளியாகி, உள்நாட்டு மந்திரி ராஜிநாமாச் செய்ய நேர்ந்தது. அவர்களிடம் உணர்ச்சி இருந்தது, உரிமையும் இருந்தது, காகிதம்தான் இல்லை.

இதற்கு நேர் மாறான ஒரு கதையைக் கேட்பதற்காக நாம் கால்டுவெல் ஐயர் பிறந்த சீமைக்கும் இரண்டு நாள் போய் வந்தோம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கெய்ர்ன்ரையன் துறைமுகத்திலிருந்து பெல்பாஸ்டுக்குக் கப்பலில் இரண்டேகால் மணி நேரம். அங்கே ஒரு தெருவில் நடைபாதைக் கல்லுக்கெல்லாம் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிட்டிஷ் கொடியின் வர்ணம் பூசியிருக்கிறது. சிறிது தூரம் நடந்தால், பச்சை, வெள்ளை, ஆரஞ்சு நிறத்தில் அயர்லாந்துக் கொடி பறக்கிறது. இரண்டுக்கும் நடுவே 1969 முதல் எழுப்பிய நெடுஞ்சுவர்கள். அவற்றுக்குச் 'சமாதானச் சுவர்' என்று பெயர்.

அந்தச் சுவர்களுக்கு இருபுறத்திலும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்ட பிறகு, 1998-ஆம் வருஷம் ஏப்ரல் 10-ஆம் தேதி ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. வட அயர்லாந்தில் பிறந்தவர்கள் தங்களை அயர்லாந்துக்காரர் என்றோ, பிரிட்டிஷார் என்றோ, இரண்டும் என்றோ தாங்களே சொல்லிக்கொள்ளலாம். இரண்டு தேசத்துப் பிரஜா உரிமையும் வைத்துக்கொள்ளலாம் என்பது அதில் ஒரு ஷரத்து. நாம் தங்கிய விடுதியின் எஜமானி மேஜை அறையைத் திறந்து இரண்டு பாஸ்போர்ட்டுகளைக் காட்டினார். "ஐரோப்பாவுக்குப் போகும்போது அயர்லாந்துப் பாஸ்போர்ட், வரிசை குறைவு" என்றார். "தாங்கள் யார்?" என்றதற்கு, "வட அயர்லாந்துக்காரி" என்று பதில் வந்தது. 2021-ஆம் வருஷத்து ஜனக் கணிதத்தில் அங்கே 'பிரிட்டிஷ்' என்று மட்டும் சொன்னவர்கள் நூற்றுக்கு 31.9, 'அயர்லாந்துக்காரர்' என்று மட்டும் சொன்னவர்கள் 29.1, இந்த அம்மாளைப் போல் சொன்னவர்கள் 19.8.

ஆனால் ஒப்பந்தம் சொன்னதைச் சட்டம் முழுவதும் கேட்கவில்லை. அந்நாட்டில் பிறந்த ஒரு பெண், தான் அயர்லாந்துக்காரி என்று வாழ்ந்தவள், அமெரிக்கக் கணவனைத் தன்னுடன் வைத்துக்கொள்ள அயர்லாந்துப் பிரஜை என்ற முறையில் மனுச் செய்தாள். 'நீ பிறப்பினால் பிரிட்டிஷ் பிரஜை. ஆகையால் இந்த வழி உனக்கு இல்லை. வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்துப் பிரஜா உரிமையை விட்டுவிடு' என்று சர்க்கார் பதில் சொல்லிற்று. 'நான் என்றும் ஏற்றுக்கொள்ளாத ஒன்றை எப்படி விடுவது?' என்பது அவள் கட்சி. கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தாள். 2019-இல் மேல் விசாரணையில் தோற்றாள். அடுத்த வருஷம் சர்க்காரே குடியேற்ற விதிகளை மாற்றி, அவளைப் போன்ற குடும்பங்களுக்கு வழி விட்டது. எடின்பரோக் குழந்தை கேட்டுக் கிடைக்காததை, இந்தப் பெண் வேண்டாமென்று சொல்லியும் விடவில்லை.

25-ஆம் தேதி மாலை எடின்பரோவுக்குத் திரும்பினோம். குழந்தை பள்ளியில் பர்ன்ஸ் கவியை ஒரு தடுக்கலும் இல்லாமல் ஒப்பித்து, நற்சாட்சிப் பத்திரம் வாங்கி வந்திருந்தாள். அது சுவரில் ஒட்டியாகிவிட்டது. அன்றிரவு கடையில் வாங்கிய காய்கறி ஹாகிஸும், வீட்டில் வைத்த வத்தல் குழம்புமாக விருந்து. இரண்டும் ஒன்றையொன்று விரோதிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

சாப்பாடு முடிந்த பிறகு நண்பர் மனம் விட்டுப் பேசினார். அந்நாட்டிலே பிறந்து முதல் பத்து வருஷம் அங்கேயே வளர்ந்த குழந்தைக்குப் பிரஜையாகப் பதிவு செய்துகொள்ளும் உரிமை உண்டு. வருகிற சித்திரையில் அவளுக்குப் பத்து நிறைகிறது. அதற்குக் கட்டணம் உண்டு. பணத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. வேறு தேசத்துப் பிரஜா உரிமையை ஏற்றுக்கொண்டால் நமது சட்டப்படி இந்தியப் பிரஜா உரிமை போய்விடும். குழந்தையின் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மதுரையிலுள்ள அவருடைய தாயார், "காகிதந்தானே, அப்பா! என் பேத்தி எனக்குப் பேத்திதான்" என்று டெலிபோனில் சொல்லிவிட்டார். மனைவியும் பதிவு செய்துவிடலாம் என்கிறார். நண்பருக்குத்தான் கை வரவில்லை.

"அவளுக்காகத்தான் செய்ய வேண்டும், தெரிகிறது. ஆனால் கையெழுத்துப் போடப் போகிறவன் நான் அல்லவா?" என்றார்.

குழந்தை தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தோம். அவள் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். மேஜையின்மேல் இருந்த நீலப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அப்பா, கொள்ளுத் தாத்தா பிரிட்டிஷா?"

"அப்படித்தான் எழுதியிருக்கிறது, அம்மா."

"அவர் ஸ்காட்லாந்துக்கு வந்திருக்கிறாரா?"

"இல்லை."

"லண்டனுக்கு?"

"அங்கேயும் இல்லை."

அவள் படத்திலிருந்த மீசையைச் சிறிது நேரம் பார்த்தாள். "யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். நண்பர் அந்தப் புத்தகத்தையும் குழந்தையின் பாஸ்போர்ட்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் காலை வேவர்லி ஸ்டேஷனுக்கு இருவரும் வழியனுப்ப வந்தார்கள். "இடது பக்கத்து ஜன்னலில் உட்காருங்கள், மாமா, கடல் தெரியும். பெரிக் வருவதற்கு முன்னால் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை வரும். அதுதான் எங்கள் எல்லை" என்று குழந்தை சொன்னாள். சொன்னபடியே இடது பக்கம் உட்கார்ந்தோம். கடலும் தெரிந்தது. பலகைக்காகக் கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தோம். கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பதற்குள், ட்வீட் நதியின்மேல் வண்டி போய்க்கொண்டிருந்தது.